நீர்வரி ஓடிய உருக்கு

டமாஸ்கஸ் வாள் என்று உலகம் அறிந்த வாளுக்கு அடையாளம் அதன் அலகில் தெரியும் வரிகள். கருத்த தளத்தின்மேல் வெளிர்நிறத்தில், இளங்காற்றில் குளத்து நீர் நெளிவதுபோல அவை ஓடும். யாரும் வரைந்தவை அல்ல, செதுக்கியவையும் அல்ல. உருக்கின் உடம்புக்குள்ளேயே இருப்பவை. அலகைக் கண்ணாடிபோல மெருகேற்றினால் வரிகள் மறைந்துவிடும். அன்னபேதி கரைத்த நீரைத் தடவினால் மறுபடி எழுந்துவரும். பாரசீகர் இதை ஜவ்ஹர் என்றனர். அரபு நூல்களில் ஃபிரிந்த் என்ற பெயரும் உண்டு. ரஷ்யர் அந்த உருக்கையே பூலாத் என்று அழைத்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதியபோதும், பதினோராம் நூற்றாண்டில் அல்-பிரூனி உலோகங்களைப் பற்றி எழுதியபோதும் இந்த வரிகள் வாளின் தரத்தையும் விலையையும் சொல்லும் குறிகளாகவே எண்ணப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கைத்திறன் மெல்ல அற்றுப்போனது. அதை மீட்க நடந்த சோதனைகளின் வரலாறு 200 ஆண்டு நீளமுடையது.

ஒரே பெயரால் இரு வேறு பொருள்கள் குறிக்கப்படுவதால் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. மென்மையான இரும்புக் கம்பிகளையும் கடினமான கம்பிகளையும் அடுக்கி, காய்ச்சி ஒட்டி, முறுக்கி, மடித்து அடித்தாலும் அலகில் கோலம் விழும். ஐரோப்பாவில் ரோமப் பேரரசுக் காலம் முதல் வைக்கிங்குகள் காலம் வரை செய்யப்பட்ட பல வாள்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இதற்கு ஒட்டுக்கோலம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் மேரியன். 1948இல் எழுதிய கட்டுரையில் அதைச் செய்தார். கம்பிகளை முறுக்கி ஒட்டியபின் மேற்புறத்தை எவ்வளவு ஆழம் தேய்க்கிறோமோ அதற்கேற்பக் கோலம் மாறும் என்பதை 1950களில் ஜே. டபிள்யூ. ஆன்ஸ்டீ தம் உலையில் செய்துகாட்டினார். 1973இல் வில்லியம் மோரன் என்ற அமெரிக்கக் கத்திக் கொல்லர் இம்முறையில் செய்த கத்திகளைக் காட்சிக்கு வைத்ததிலிருந்து உலகெங்கும் இது பரவியது. இன்று கடைகளில் டமாஸ்கஸ் என்ற பெயரில் விற்கும் சமையல் கத்திகள் ஏறக்குறைய எல்லாமே ஒட்டுக்கோலக் கத்திகள்தான். அந்தக் கைவேலைக்கு உரிய மதிப்பு அதற்கு உண்டு. ஆனால் பாரசீக வாளின் நீர்வரி அப்படி உண்டானதல்ல. அதன் உருக்கு ஒட்டில்லாத ஒரே கட்டி. கட்டி உறையும்போதும் பின்னர் அடிபடும்போதும் வரி தானே உள்ளே திரண்டது. அறிஞர்களைத் திணற வைத்தது இந்தத் ‘தானே’தான்.

அந்தக் கட்டிகள் பெரும்பாலும் இந்தியாவின் தென்பகுதியிலிருந்து சென்றவை. உருக்கு என்ற தமிழ்ச் சொல்லுக்கும் உக்கு என்ற கன்னடச் சொல்லுக்கும் உறவுடையதாகக் கருதப்படும் ‘வூட்ஸ்’ என்ற பெயர் ஐரோப்பிய அச்சில் ஏறியது 1795இல். சேலம் பகுதியிலும் மைசூரிலும் நடந்த வேலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் புக்கானன் முதலிய பலர் நேரில் கண்டு குறித்துவைத்தனர். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜே. எம். ஹீத் எழுதிய குறிப்பு அவற்றில் தெளிவானது. அடித்துத் தூய்மையாக்கிய இரும்பைத் துண்டுகளாக நறுக்கி, ஆவாரங்கட்டையின் காய்ந்த சிம்புகளோடு மண் மூசையில் இடுவார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு கட்டை. மேலே எருக்கிலை ஒன்றிரண்டை வைத்து, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். மூசைக்கான மண்ணில் உமிக்கரி நிறையக் கலந்திருக்கும். கடுஞ்சூட்டிலும் மூசை இளகிச் சரியாமல் தாங்குவதற்கு அதுவே காரணம். இத்தகைய மூசைகள் 20 முதல் 24 வரை உலையில் வளைவாக அடுக்கப்பட்டு, துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதப்படும். ஆறியபின் மூசையை உடைத்தால் கைக்கு அடக்கமான ஒரு கட்டி கிடைக்கும். அதன் தலைப்பில் நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கதிர்போலக் கோடுகள் ஓடினால் வேலை பழுதில்லை என்று பொருள்.

தக்காணத்து முறை வேறு. இன்றைய தெலங்கானாவின் நிஜாமாபாத் வட்டாரத்திலுள்ள கோனசமுத்திரத்தில் இருவகை இரும்பைச் சேர்த்துப் பெரிய மூசைகளில் உருக்கினர். காய்ச்சுவதும் ஆறவைப்பதும் நீண்ட நேரம் நடந்தது. பாரசீக வணிகர்கள் அங்கேயே வந்து தங்கிக் கட்டிகளைத் தேர்ந்து வாங்கிச்சென்றதை ஹெச். டபிள்யூ. வாய்சி எழுதியிருக்கிறார், அவருடைய குறிப்பு 1832இல் வெளியானது.

ஐரோப்பிய ஆய்வகங்களுக்கு இந்தக் கட்டி வந்த வழி பம்பாய். அங்கிருந்த மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்குச் சில கட்டிகளை அனுப்பினார். ஜார்ஜ் பியர்சன் அவற்றை ஆராய்ந்து 1795இல் கட்டுரை வெளியிட்டார். கட்டியிலிருந்து பேனாக்கத்தி ஒன்றை அடித்துத் தந்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளர். அன்று முதல் அவருக்கு வூட்ஸ் மீது தீராத மோகம். தம் கடையின் விளம்பரச் சீட்டில் ஐரோப்பாவின் சிறந்த உருக்கைவிட இந்திய உருக்கே மேல் என்று அச்சிடும் அளவுக்குப் போனார்.

ஸ்டோடார்டுக்குத் துணையாக வந்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்னியலில் பெயர்பெறுவதற்கு முந்தைய ஃபாரடே அவர். ஒரு கொல்லரின் மகன். 1819இல் வூட்ஸைப் பகுத்துப் பார்த்த அவர், அதன் சிறப்புக்குக் காரணம் சிறிதளவு அலுமினியம் என்று முடிவுகட்டினார். முடிவு தவறு. ஆனால் அந்தத் தவறு வீண்போகவில்லை. வூட்ஸைப் போலச் செய்ய இருவரும் உருக்கோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், குரோமியம் என ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தனர். 1820, 1822 ஆகிய ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டனர். கலப்பு உருக்கைப் பற்றிய முறையான ஆராய்ச்சி இங்கிருந்தே தொடங்குகிறது. ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு பெட்டியில் கிடந்த அவருடைய மாதிரிகளை நூறாண்டுக்குப் பின் எடுத்துச் சோதித்த ராபர்ட் ஹாட்ஃபீல்ட் 1931இல் அதுபற்றி ஒரு நூலே எழுதினார்.

அதே ஆண்டுகளில் பாரிஸ் நாணயச் சாலையில் பணியாற்றிய ழான்-ரொபேர் பிரேயான் காரணத்துக்கு மிக அருகில் வந்தார். 1821இல் அவர் நடத்திய சோதனைகள் 300க்குக் குறையாதவை. பிற உலோகங்களைக் கலந்து பார்த்துக் கைவிட்டபின், நூறு பங்கு மென்னிரும்புக்கு இரண்டு பங்கு விளக்குக் கரிப்புகை சேர்த்தபோது நல்ல வரியுள்ள உருக்குக் கிடைத்தது. மர்மம் கார்பனில் இருக்கிறது என்று 1823இல் எழுதினார். இரும்பு ஏற்கக்கூடியதைவிட மிகுதியாகக் கார்பன் இருந்தால் உறையும்போது இரு பொருள்கள் தனித்தனியே திரளும். மெல்ல ஆறினால் திரட்சி பெரிதாகும், வரியும் அகலமாகும். இன்றைய உலோகவியலாளர் இதில் திருத்த வேண்டியது அதிகமில்லை. சாதாரண உருக்கில் கார்பன் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டுவது அரிது. வூட்ஸில் ஒன்றரை வரை, சிலவற்றில் அதற்கும் மேல் இருக்கிறது. மிகுந்த கார்பன் இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற வெண்மையான, மிகக் கடினமான கார்பைடாகிறது. அமிலம் பட்டால் சுற்றியுள்ள உருக்குக் கருக்கும். கார்பைடு வெளுத்தே நிற்கும். கண்ணுக்குத் தெரியும் வரி அதுதான்.

பிரேயான் ஆய்வகத்தில் நிறுத்தியதை உலைக்களத்துக்குக் கொண்டுபோனவர் பாவெல் அனோசோவ். உரால் மலையின் ஸ்லாட்டோஸ்ட் நகரத்து ஆயுதச் சாலையில் 1820களின் இறுதியிலிருந்து பத்தாண்டுக்கு மேல் சலிக்காமல் உருக்கிப் பார்த்தார். கார்பனுக்காக அவர் மூசையில் இடாத பொருளே இல்லை எனலாம். கரி, செடிகொடி, தந்தம் வரை சென்று கடைசியில் கிராஃபைட்டில் வந்து நின்றார். உருக்கின் மேற்பரப்பை 1831இல் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். உலோக நுண்ணமைப்பியலின் தந்தை எனப்படும் ஆங்கிலேயர் ஹென்றி சோர்பிக்கு அவர் முப்பது ஆண்டு மூத்தவர். 1841இல் வெளியான ‘பூலாத்’ பற்றிய நூலில் நேர்வரி, ஓடைவரி, அலைவரி, வலைவரி, படிவரி என்று கோலங்களைத் தரம் பிரித்தார். அவர் செய்த அலகுகள் உண்மையிலேயே வரியோடியவை. அவர் 1851இல் இறந்தபின் ஸ்லாட்டோஸ்டில் அந்த வேலை தொடரவில்லை.

மேற்கு ஐரோப்பிய உலைகளில் நடந்தது இன்னொரு கதை. உண்மையான இந்தியக் கட்டியே கையில் இருந்தும் அங்குள்ள கொல்லர்களுக்கு அது வசப்படவில்லை; சம்மட்டி பட்டதும் நொறுங்கியது. காரணம் பழக்கம். கார்பன் குறைந்த இரும்பை வெள்ளை வெளேரென்று காய்ச்சி அடிப்பதே அவர்களுக்குத் தெரிந்த தொழில். வூட்ஸை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் அதனுள் படிக எல்லைகள் இளகத் தொடங்கிவிடும். அதைச் செவ்வொளியிலேயே, குறைந்த சூட்டில், பொறுமையாகப் பலமுறை காய்ச்சிப் பலமுறை அடிக்க வேண்டும். இதை அறியாதவர்கள் கட்டியைக் குறை சொன்னார்கள். அறிந்த பாரசீகக் கொல்லர் எழுதிவைக்கவில்லை. வால்டர் ஸ்காட் 1825இல் எழுதிய ‘தி டாலிஸ்மன்’ நாவலில் சலாவுதீனின் வாள் பட்டுத் திண்டை இரண்டாக்கும் காட்சிக்குப்பின் இந்த உருக்கைச் சுற்றிக் கதைகள் பெருகின. சோதனைக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் கேள்வி கூர்மையானது. ரஷ்யரான நிகொலாய் பெலாயேவ் 1918இல் பிரிட்டனின் இரும்பு உருக்கு நிறுவன இதழில் பழைய விவரங்களைத் தொகுத்து எழுதினார். ஹென்றி மோசர் சேர்த்த கீழைநாட்டு வாள்கள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்தன. அவற்றில் சிலவற்றை வெட்டிப் பகுத்துப் பார்க்க பி. ஷோக்கே அனுமதி பெற்றார். விலைமதிப்பற்ற வாளை வெட்டுவதற்கு மனம் வந்ததே பெரிது. 1924இல் வெளியான அந்தப் பகுப்பும், மிஞ்சிய துண்டுகளும் எழுபது ஆண்டுக்குப்பின் திருப்புமுனையாயின. இடையில் 1970களில் ஸ்டான்ஃபோர்டில் ஓலெக் ஷெர்பியும் ஜெஃப்ரி வாட்ஸ்வொர்த்தும் மிகையான கார்பன் உள்ள உருக்கை மிட்டாய்ப் பாகுபோல இழுபடச் செய்யும் வழியைத் தேடி வந்தனர். தாங்கள் புதிதாகக் கண்ட கலவை பழைய டமாஸ்கஸ் உருக்கின் கலவையே என்பது அவர்களுக்குப் பின்னால் தெரிந்தது. அவர்களும் வரி தோன்றும் உருக்கைச் செய்தனர். ஆனால் அந்த வரி அருங்காட்சியக வாளின் வரியோடு உள்ளமைப்பில் ஒத்ததா என்ற வாதம் நீண்டது.

ஒத்த வரியை எடுத்தவர்கள் அயோவா மாநிலப் பல்கலைக்கழக உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும், ஃபுளோரிடாவின் வில்லிஸ்டனில் குதிரைகளுக்கு லாடம் கட்டுவதையும் கத்தி அடிப்பதையும் தொழிலாகக் கொண்ட ஆல்ஃபிரட் பென்ட்ரேயும். இந்த இணைப்பில்தான் முந்தைய இருநூறு ஆண்டின் குறை தீர்ந்தது. ஃபாரடேயிடமும் பிரேயானிடமும் பகுப்பு இருந்தது, உலையில் நின்று பழகிய கையில்லை. கொல்லர்களிடம் கை இருந்தது, தங்கள் வெற்றி தோல்விக்குக் காரணம் காணும் கருவியில்லை. பென்ட்ரே அடித்து அனுப்பிய ஒவ்வொரு துண்டையும் வெர்ஹோவன் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்; அதைக் கேட்டு அடுத்த கட்டி உருகியது.

பென்ட்ரேயின் மூசையில் இந்தியக் கொல்லர் இட்டவற்றுக்கு ஈடானவையே இருந்தன: இரும்பு, கரி, பச்சிலை, கசடாகி மேலே மூடும் கண்ணாடித் துண்டுகள். எரிவாயு உலையில் உருக்கி மெல்ல ஆறவைத்தார். அடிக்கும்போது பழைய வில்லங்கம் எழுந்தது. பழைய வாள்களில் இருந்த அளவுக்குப் பாஸ்பரஸ் இருந்தால் கட்டி சூட்டில் வெடித்தது. வெளித்தோலில் மட்டும் கார்பனைக் குறைத்தால் மேற்புறம் மென்மையாகி வெடிப்பு அடங்கும் என்று கண்டார்; அடித்து முடித்தபின் அந்தத் தோலைத் தேய்த்து அகற்றிவிடலாம். ஒரு கட்டி அலகாவதற்கு ஏறக்குறைய ஐம்பது முறை காய்ச்சி அடிக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு செய்தும் சில கட்டிகளில் அழகான வரி வந்தது, சிலவற்றில் எதுவுமே வரவில்லை. கார்பன் அளவு ஒன்றே, சூடு ஒன்றே, கையும் ஒன்றே. வித்தியாசம் மூலப்பொருளில் இருந்தது. சோரல் எனப்படும், கனடாவின் கியூபெக்கில் இல்மனைட் தாதுவிலிருந்து வரும் இரும்பைச் சேர்த்த கட்டிகளில் வரி தவறாமல் விழுந்தது. அந்த இரும்பில் வனேடியம் கலந்திருந்தது. யாரும் வேண்டிச் சேர்த்ததல்ல. தாதுவோடு வந்த அசுத்தம். நூற்றுக்கு 0.003 பங்கு, அதாவது லட்சத்தில் மூன்று பங்கு வனேடியம் இருந்தாலே போதும் என்று தெரிந்தது. மாலிப்டினம், குரோமியம், நியோபியம், மாங்கனீசு போன்ற கார்பைடு ஆக்கும் பிற தனிமங்களுக்கும் குறைந்த அளவில் அந்தத் திறம் உண்டு. பெர்ன் வாள்களின் துண்டுகளைத் திரும்பப் பகுத்தபோது அவற்றிலும் இத்தகைய அசுத்தங்கள் இருந்தன. இம்முடிவுகளை வெர்ஹோவனும் பென்ட்ரேயும் உருக்குத் துறையைச் சேர்ந்த டபிள்யூ. ஈ. டாக்‌ஷும் 1998இல் ஒரு கட்டுரையாகத் திரட்டி வெளியிட்டனர்.

வரி பிறக்கும் விதம் இப்படி. உருகிய கட்டி உறையும்போது படிகங்கள் மரக்கிளைபோலக் கிளைத்து வளர்கின்றன. வனேடியம் போன்றவை கிளையில் அடங்காமல் கிளைகளுக்கு இடையே கடைசியாக உறையும் நீர்மத்தில் ஒதுங்குகின்றன. அடித்து நீட்டும்போது அந்த இடைவெளிகள் தட்டையாகி அலகுக்கு இணையான தகடுகளாகின்றன. ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் சிறிய கார்பைடுத் துகள்கள் கரைந்துபோக, பெரியவை தப்பி, ஆறும்போது இன்னும் வளர்கின்றன. வனேடியம் ஒதுங்கிய இடத்தில் உள்ளவை தப்புவது அதிகம். பலமுறை காய்ச்சி ஆறியபின் துகள்கள் அந்தத் தகடுகளிலேயே வரிசைகட்டி நிற்கின்றன. வரிசைக்கு வரிசை இடைவெளி 30 முதல் 70 மைக்ரான். ஒரு மில்லிமீட்டருக்குள் பதினைந்து முதல் முப்பது வரிசைகள் அடங்கும். இதற்கு ஒரு மறுசோதனையும் நடந்தது. வரியுள்ள அலகை மிகுந்த சூட்டில் நெடுநேரம் வைத்து எல்லாக் கார்பைடையும் கரைத்துக் குளிர்வித்தபோது வரி அழிந்தது. ஆறு அல்லது எட்டு முறை மிதமாகக் காய்ச்சி ஆறவிட்டதும் வரி திரும்பியது. கார்பன் எளிதில் இடம்பெயர்ந்தாலும் வனேடியம் தன் இடத்திலேயே காத்திருந்தது.

பாரசீக வாள்களின் உச்சம் எனப்பட்ட கிர்க் நர்துபான், அதாவது ‘நாற்பது படி’ என்ற ஏணிக்கோலமும் பென்ட்ரேயின் பட்டடையில் விளங்கியது. அலகு உருப்பெறும் தறுவாயில் குறுக்கே சிறு பள்ளங்கள் வெட்டி, பின் அடித்துச் சமப்படுத்தினால் உள்ளடுக்குகள் மேலெழுந்து படிபடியாகத் தெரிகின்றன. பள்ளத்துக்குப் பதில் குழிகள் இட்டால் ரோசாப்பூ. நூற்றாண்டுகளாக வியக்கப்பட்ட ஏணிக்கு ஓர் உளியும் சம்மட்டியும் போதுமாயிருந்தன. ஆனால் ஏற்கனவே வரி திரண்ட உருக்கு வேண்டும்.

கைத்திறன் ஏன் அழிந்தது என்பதற்கும் இச்சோதனைகள் ஒரு விடை சொல்கின்றன. வனேடியம் உள்ள தாதுவிடம் தீர்ந்தோ மாறியோ போனால், கொல்லர் அதே செய்முறையைத் துளியும் பிசகாமல் பின்பற்றினாலும் வரி விழாது. ஏன் என்று அவருக்கும் தெரியாது. இது வெர்ஹோவனின் கருத்து. இதை மட்டுமே காரணமாக்குவது பொருந்தாது. ஷெஃபீல்டில் மலிவாக வார்த்த உருக்கு வந்திறங்கியதும், வாளின் இடத்தைத் துப்பாக்கி பிடித்ததும், தென்னிந்தியாவில் கரிக்கான காடுகள் கொல்லர் கையைவிட்டுப் போனதும் அதே காலத்தில்தான். 2006இல் டிரெஸ்டனைச் சேர்ந்த பாவ்ஃப்ளரின் குழு, பெர்ன் தொகுப்பின் பதினேழாம் நூற்றாண்டு வாள் துண்டில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக அறிவித்தது. செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. கண்ணுக்குத் தெரியும் வரிக்கு விளக்கமாக அது வெர்ஹோவனின் விடையை மாற்றவில்லை.

வாள்களிலிருந்து ஆராய்ச்சி இப்போது மூசைகளுக்குத் திரும்பியிருக்கிறது. துர்க்மெனிஸ்தானின் மெர்வ் நகரில் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு உருக்குப் பட்டறைகள் அகழப்பட்டன. உஸ்பெகிஸ்தானின் அக்சிகெத்திலும் மூசைக் குவியல்கள் கிடைத்தன. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் சாரதா சீனிவாசன் கண்டெடுத்த மூசைத் துண்டுகளில் ஒட்டியிருந்த உலோகம் மிகைக் கார்பன் உருக்கு என்று உறுதியானது. பதிற்றுப்பத்தில் மணிகளுக்குப் பெயர்பெற்ற கொடுமணத்தோடு இணைத்துப் பேசப்படும் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. இலங்கையில் சமனலவெவ மலைச்சரிவில் ஜில் ஜுலெஃப் கண்ட உலைகள் மூசை உலைகள் அல்ல. தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு தாதுவை உருக்கியவை. அதே சரிவில் அதே வடிவில் உலை கட்டி, பருவக்காற்று வீசும் மாதத்தில் எரித்துப் பார்த்ததில் கார்பன் மிகுந்த உருக்கு கிடைத்ததை அவர் 1996இல் எழுதினார். இலங்கையில் மூசையில் உருக்குச் செய்த குடும்பங்களைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டின் தம் நூலில் குறித்திருக்கிறார்.

இவற்றை ஒப்பிட்டால் ஒரே செய்முறை எங்கும் இருந்ததில்லை என்பது புலப்படுகிறது. மெர்வின் மூசை வெளிர் களிமண்ணால் ஆன நெடிய உருளை. தென்னிந்திய மூசை உமிக்கரியால் கருத்த சிறு குடுவை. உமியின் சிலிக்காவும் கரியும் களிமண்ணோடு சேர்ந்து சூட்டைத் தாங்கும் பொருளாவதை ஆய்வகத்தில் கண்டபின், உமி கலந்து மூசை வனைந்து எரித்துப் பார்ப்பதும் இப்போதைய சோதனைகளில் ஒரு பகுதியாகிவிட்டது.